ஒருமுறை தொட்டால் இறங்கும் கண்ணாடி

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை பார்த்த கராஜுக்கு அண்மையில் போயிருந்தேன். இப்போது அங்கே இருப்பவர்கள் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் காட்டினார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கார்க் கதவுக்குள் இருக்கும் வயரில் அதைச் செருகிவிட்டால் போதுமாம். பவர் ஷட்டர் கண்ணாடி ஒரு தொடுகையில் முழுக்க இறங்கும், ஒரு தொடுகையில் முழுக்க ஏறும். நடுவில் யாருடைய கையாவது அகப்பட்டால் கண்ணாடி தானாகத் திரும்பிவிடும்.

"ஐயா, இது வர்றதுக்கு முன்னாடி நீங்க எப்படிங்க செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

செய்த முறையைச் சொல்ல வாயெடுத்தேன். யாருக்காகச் செய்தோம் என்பதை விட்டுவிட்டு முறையை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை. தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தேன். "இதை எழுதி வைங்க" என்றார்கள். அதனால்தான் இது.

என் அப்பா பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரியின் என்ஜின் அறையில் வேலை செய்தவர். அந்த அறைச் சுவரில் ஓடும் வயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்ததும் ஹனிபா நானாவின் கராஜில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அவருக்கு ஊர் அக்குறணை. எஞ்சின் வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். வயரிங் மட்டும் நானாவின் கையில். முதல் சில வருடங்கள் பல்பு மாற்றுவதிலும் டைனமோ சுற்றுவதிலும் ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிக் கழுவுவதிலும் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் ரீகண்டிஷன் என்ற பேரில் வந்து குவியத் தொடங்கிய பிறகுதான் வேலை சூடு பிடித்தது. கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கிய கண்ணாடிகள் போய், சுவிட்சை அமுக்கினால் மோட்டரில் ஓடும் கண்ணாடிகள் வந்தன. அவைதான் பவர் ஷட்டர்.

நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மெலிந்த மனிதர், வெள்ளைத் தொப்பி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காரில் என்ன கோளாறு என்று யார் வந்து சொன்னாலும் உடனே பொனட்டைத் திறக்கமாட்டார். சொந்தக்காரரை டிரைவர் கதிரையில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்காருவார்.

"நீங்க ஓட்டுற மாதிரியே ஒருக்கா செஞ்சி காட்டுங்க" என்பார்.

அவர் பார்ப்பது காரை அல்ல, அந்த மனிதரின் கைகளை. கை எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது, எதைத் தொட அஞ்சுகிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் இறங்கிப் பெட்டரியின் அர்த் வயரைக் கழற்றி, வேறு யாரும் மறதியாக மாட்டிவிடாமல் அதன் நுனியில் துணி சுற்றிவைப்பார். கதவுக்குள் இருக்கும் ஒவ்வொரு வயரையும் தொட்டு அது எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் திட்டமாட்டார். அசையாமல் காத்திருப்பார். சரியான பதில் வரும்வரை ஸ்க்ரூடிரைவர் அவர் கையில் அப்படியே நிற்கும். அந்தக் காத்திருப்பில் எனக்கு வியர்த்துவிடும்.

அந்த நாட்களில் பவர் ஷட்டருக்கு ஒரு மோகம் வந்தது. விலை கூடிய கார்களில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஒரு தொடுகையில் முழுக்க இறங்கும். சாதாரண கார்களில் கண்ணாடி ஓடி முடியும்வரை சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இருப்பவனைப் பார்த்து இல்லாதவனுக்கும் ஆசை வந்தது. ஒரு ரிலேயைப் போட்டுச் சில விநாடிகளுக்கு மின்சாரத்தைத் தக்கவைத்தால் வேலை முடிந்தது. நாங்களும் பலருக்குச் செய்து கொடுத்தோம். இறங்குவதற்கு மட்டுமல்ல, ஏறுவதற்கும் செய்யச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நானா யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த யோசனை ஒரு வெள்ளிக்கிழமை முடிவுக்கு வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து நானா கராஜுக்குத் திரும்பிய நேரம், அக்குறணையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் பதறிக்கொண்டு வந்தார். அவர் வீட்டு ஜீப்பின் கண்ணாடியில் பிள்ளையின் கை அகப்பட்டுவிட்டது. வேறு எங்கோ கொடுத்து ஏறுவதற்கும் ஒரு தொடுகை போட்டிருந்தார்கள். சின்ன மகள் கண்ணாடி வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருக்க, முன்னால் யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். மோட்டர் விடாமல் தள்ளியிருக்கிறது. பியூஸ் எரிந்து போனதால் கண்ணாடியைத் திரும்ப இறக்கவும் வழியில்லை.

நாங்கள் போனபோது முற்றம் முழுக்க ஆட்கள். ஒருவர் கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றார். நானா அவரைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே ஏறினார். கதவின் உள் அட்டையைக் கழற்றி, கண்ணாடியைத் தாங்கும் இரும்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினார். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டேயிருந்தார்.

"மகள், உங்கட பூனைக்குப் பேர் என்ன?"

பிள்ளை விக்கிக்கொண்டே சொன்னது.

"அது பகல்ல எங்க படுக்கும்?"

கண்ணாடி சரிந்து நானாவின் கைக்குள் விழுந்தது. பிள்ளையின் கையில் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் பிறகு நன்றாகிவிட்டது. திரும்பி வரும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது நானா சொன்னார்:

"எறக்கறதுக்கு யார் கேட்டாலும் செஞ்சி குடுப்போம் செல்வராசு. ஏத்தறதுக்கு என்ட கையால செய்யமாட்டேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பெரிய இடத்து ஆட்களும் கேட்டார்கள். நானா சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

புனிதவதி டீச்சர் வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டிக்குள் போகும் வழிகளிலும் சோதனைச் சாவடிகள் இருந்தன. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். நெடுங்காலமாகக் கண்டியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளை நிற ரீகண்டிஷன் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி அவருடைய கணவர் நடராசா ஐயா. தபால் கந்தோரில் இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொள்ளவேண்டிய நிலைமை.

"தம்பி, ஹனிபா நானா எண்டுறவர் ஆர்?"

காட்டினேன். டீச்சர் காரைவிட்டு இறங்கி, பேசுவதற்கு முன்னால் தன் கைகளை நீட்டினார். விரல் மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தன. முடக்குவாதம்.

"கியர் இல்லாத கார் எண்டபடியால ஓட்டுறதில கஷ்டமில்லை. உள்ளங்கையால ஸ்டியரிங்கைச் சுத்திப்போடுவன். ஷட்டர் சுவிட்ச்தான் ஏலாமல் கிடக்கு. அமத்திப் பிடிக்க விரலுக்குப் பலம் காணாது."

"ஷட்டரை எறக்காம ஏசி போட்டுட்டுப் போகலாமே?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"செக்பொயின்ட்டில என்ன செய்யிறது தம்பி?"

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சாவடியில் மறித்திருக்கிறார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லி ஒரு சிப்பாய் சைகை காட்டினான். டீச்சர் அமுக்கினார். கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது.

"ஒரு கையால ஏலேல்லை. மற்றக் கையையும் கொண்டுபோய் அமத்திப் பார்த்தன். என்ர ரெண்டு கையும் கண்ணாடிக்குக் கீழ போயிட்டுது. நான் கீழ என்னத்தை எடுக்கிறன் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? துவக்கை நீட்டிக்கொண்டு, கை ரெண்டையும் தூக்கு எண்டு கத்தினான். தூக்கினன். தூக்கினாக் கண்ணாடி இறங்குமோ? மற்றப் பக்கத்தில நிண்டவன் கண்ணாடியை இறக்கு எண்டு கத்துறான். நான் எவன் சொல்லுறதைச் செய்யிறது?"

பின்சீட்டிலிருந்து நடராசா ஐயா மெல்லச் சொன்னார்: "நான் படுத்துக் கிடந்தபடி ரெண்டு பாஷையிலயும் கடவுளைக் கூப்பிட்டன். எந்தப் பாஷை வேலை செய்ததோ தெரியாது."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தார்களாம். அவரும் தமிழர். இரண்டு தடவை இறக்கி விசாரித்ததும் இனி வரமாட்டேன் என்றுவிட்டார். டீச்சரும் ஓட்டாவிட்டால் ஐயாவுக்கு ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் ஐயா இல்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கராஜில் நின்ற எல்லோருக்கும் அது விளங்கியது.

நானா வழக்கம்போலப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "ஒருக்கா செஞ்சி காட்டுங்க" என்றார். டீச்சர் காட்டினார். விரலால் முடியாமல் மணிக்கட்டால் அமுக்கினார். மணிக்கட்டு வழுக்கியது. முகத்தில் வலி தெரிந்தது. நானா இறங்கி வந்து, ஒரு பழைய துணியைக் கிழித்துத் தன் வலது கை விரல்களை இறுகக் கட்டச் சொன்னார். கட்டினேன். கட்டிய கையோடு டிரைவர் கதிரையில் உட்கார்ந்து தானே முயன்று பார்த்தார். சுவிட்சைத் தேடிக் கை கண்ணாடிக்குக் கீழே போகிறது, முன்னால் நிற்பவனுக்கு அந்தக் கை தெரியாது என்பதை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

"சுவிட்ச் இங்க ஈக்கக்கூடாது. மேல வரணும். கண்ணாடிக்கு முன்னால நிக்கறவன் கையைப் பாக்கணும்" என்றார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் பெரிய பொத்தான்கள் வைப்பது என்று முடிவானது. விரல் முட்டியால் தட்டினாலே போதும். டிரைவர் கண்ணாடிக்கு ஒன்று, ஐயா படுத்திருக்கும் பக்கத்துப் பின் கண்ணாடிக்கு ஒன்று. சிப்பாய்கள் பின்னாலும் பார்க்கத்தானே செய்வார்கள். டீச்சரின் முகம் தெளிந்தது.

"ஏறுறதுக்கும் அப்பிடித்தானே?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். ஏறறதுக்குச் செய்யமாட்டேன்."

"ஏன்?"

நானா அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையை அசைத்தார்.

"விளங்குது நானா. ஆனா இறக்கிப்போட்டு நான் எப்பிடி ஏத்துறது? சுவிட்சை மேல இழுக்கிறது அமத்துறதைவிடக் கஷ்டம். போன கிழமை மழைக்குள்ள கண்ணாடி திறந்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் போனம். இவருக்கு ஒரு சளி பிடிச்சாலும் தாங்காது." கொஞ்சம் நிறுத்தினார். "கை அகப்பட்டா உடனே திரும்பி இறங்கிற மாதிரிச் செய்யேலாதோ?"

நானா தாடியைத் தடவினார். "ஏலுமோ தெரியா. ஏலாதுன்னும் எனக்குத் தெரியா. வண்டியை வெச்சிட்டுப் போங்க. ஆஸ்பத்திரி போற நாளெல்லாம் எங்கட வேன் வரும்."

அந்த நாட்களில் வேனை ஓட்டிக்கொண்டு போனவன் நான். சாவடியில் நானும் அடையாள அட்டையை நீட்டவேண்டியிருந்தது. ஐயாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மத்தியானம் மறுபடி போய் ஏற்றி வருவேன். ஒவ்வொரு நாளும் "என்ன தம்பி, ஷட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்பார்.

ஷட்டர் நிறையச் சொன்னது. மோட்டர் சும்மா ஓடும்போது குறைந்த மின்சாரம் இழுக்கும். எதிலாவது முட்டி நின்றால் பல மடங்கு இழுக்கும். அந்த ஏற்றத்தைப் பிடித்தால் கை அகப்பட்டதைக் கண்டுகொள்ளலாம். எதனால் பிடிப்பது? சில ஜப்பான் கார்களில் பிரேக் லைட் எரிந்துபோனால் டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு வரும். அந்த விளக்கை ஏற்றும் பெட்டியை நான் ஒருமுறை திறந்து பார்த்திருந்தேன். உள்ளே விரல் நுனி அளவு கண்ணாடிக் குழாய். அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள். குழாயைச் சுற்றிய வயரில் மின்சாரம் கூடினால் காந்தமாகித் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். நானாவிடம் சொன்னேன். பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் கடைக்கு உடனே என்னோடு புறப்பட்டார்.

குழாய்கள் கிடைத்தன. மோட்டரின் வயரை அதன்மேல் சுற்றினோம். பொத்தானை அமுக்கியவுடனேயே கண்ணாடி அசையாமல் நின்றது. மோட்டர் புறப்படும் கணத்திலும் மின்சாரத்தை வாரி இழுக்கிறது, குழாய் அதைக் கை என்று நினைத்துக்கொள்கிறது. புறப்படும் அந்தக் கணத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விட ஒரு கெப்பாசிட்டர் வைத்தோம். கண்ணாடி ஏறியது. உச்சியில் முட்டியது. முட்டிய மறுகணமே கீழே இறங்கிவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. கராஜில் எல்லோரும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை.

"அது சரியாத்தான் செய்யிது. ஒச்சியில முட்டறதுக்கும் கையில முட்டறதுக்கும் வித்தியாசம் அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதற்குத் தெரியவைக்க, கதவுக்குள்ளே மேலே ஒரு சின்ன சுவிட்ச் பொருத்தினோம். கண்ணாடி உச்சிக்கு மிக நெருங்கி, இடையில் ஒரு பிள்ளையின் விரல்கூட நுழைய இடமில்லாத அளவுக்கு வந்த பிறகுதான் அந்தச் சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால் கண்ணாடி திரும்பாமல் மூடி நின்றுவிடும். அதற்குக் கீழே எங்கே முட்டினாலும் திரும்பி இறங்கும். குளிர்ந்த காலைகளில் பழைய ரப்பர் இறுகி, கை இல்லாமலே கண்ணாடி திரும்பியது. ரப்பர்களை மாற்றினோம். டேஷ்போர்டில் வைக்கப் பெரிய பொத்தான் தேடி அலைந்து, கடைசியில் வீட்டு வாசலில் வைக்கும் காலிங் பெல் பொத்தான்களை வாங்கிவந்து பொருத்தினேன். ரிலேயை இழுக்க அதுவே போதும்.

வாழைத்தண்டை வெட்டிக் கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சோதித்தோம். தண்டில் மெல்லிய கோடு விழுந்தது, கண்ணாடி இறங்கியது. எனக்குத் திருப்தி. டீச்சரையும் ஐயாவையும் வரச் சொன்னோம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நானா கதவுக்கு வெளியே போய் நின்று, சட்டைக் கையை மடித்துத் தன் மணிக்கட்டைக் கண்ணாடி வழியாக நீட்டினார்.

"அமத்து, செல்வராசு."

"நானா, தண்டுல பார்த்தோமே..."

"தண்டுக்கு நோவாது. அமத்து."

டீச்சர், "வேண்டாம் நானா, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார்.

"எனக்கு இன்னம் வரல்ல டீச்சர்" என்றார் நானா.

என் விரல் பொத்தான்மேல் இருந்தது. நான் செய்த ஒவ்வொரு இணைப்பும் கண்முன் வந்து போனது. அமுக்கினேன். கண்ணாடி ஏறி நானாவின் மணிக்கட்டைத் தொட்டது, மோட்டர் ஒருமுறை முனகியது, கண்ணாடி விழுந்தது. நானா கையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்பாக ஒரு கோடு.

"பெரிய கைக்கு இது சரி. சின்னக் கைக்கு இது கூடிப்போகும்" என்றார்.

"எங்கட வீட்டில சின்னக் கை இல்லை நானா" என்றார் ஐயா.

"வண்டி உங்கட வீட்டிலயே ஈக்கப்போறதில்லயே."

சுற்றுக் கூடினால் இன்னும் மெல்லிய முட்டலுக்கே கண்ணாடி திரும்பும் என்று, குழாயின்மேல் வயரை இன்னும் கொஞ்சம் சுற்றினேன். மறுபடி கை வைத்தார். மறுபடி சுற்றினேன். கோடு விழாமல் போகும்வரை அவர் விடவில்லை. அதன் பிறகு டீச்சரை உட்காரவைத்தார். டீச்சர் விரல் முட்டியால் பெல் பொத்தானைத் தட்டினார். கண்ணாடி முழுக்க இறங்கியது. மறுபடி தட்டினார். முழுக்க ஏறியது. இப்படியே பல தடவை. ஒருவரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு நானும் முன்சீட்டில் போனேன். சாவடியில் சிப்பாய் கையைக் காட்டியதும் டீச்சர் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து கையைக் கொஞ்சமே நகர்த்தித் தட்டினார். கண்ணாடி சரசரவென்று இறங்கியது. இரண்டு கைகளும் மேலேயே இருந்தன. சிப்பாய் குனிந்து பார்த்துவிட்டு, அது எப்படித் தானாக இறங்கியது என்று சிங்களத்தில் கேட்டான். இருபது வயது இருக்கும். டீச்சர் ஏற்றிக் காட்டினார், இறக்கிக் காட்டினார். அவன் மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு டீச்சரின் விரல்கள் அவன் கண்ணில் பட்டன. சிரிப்பை நிறுத்தி, "போய்ட்டு வாங்க அம்மா" என்று வழிவிட்டான். கொஞ்சத் தூரம் போனதும் டீச்சர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன டீச்சர்?" என்றேன்.

"ஒண்டுமில்லை தம்பி. கொஞ்சம் நிண்டு போவம்."

அந்த வேலை பலர் காதுக்கும் போனது. பக்கவாதம் வந்தவர்கள், விரல் இழந்தவர்கள், நாவலப்பிட்டியிலிருந்து ஒரு கடைக்காரர் என்று வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் டீச்சரின் வெள்ளைக் காருக்குப் பின்னால் ஒரு சிறிய வேனும் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இளைஞர். வலது கைச் சட்டை முழங்கைக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. வேனுக்குள் அவருடைய அம்மா.

நடராசா ஐயா கண்ணாடியை இறக்கி அறிமுகம் செய்துவைத்தார்: "இவர் சமிந்த. பூஜாப்பிட்டிப் பக்கம். இவரின்ர தாயும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே நாளில ரத்தம் கழுவுறம்."

சமிந்த இராணுவத்தில் இருந்தவர். வடக்கில் கையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். சுவிட்ச் வலது கதவில். ஒற்றை இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி எட்டி அமுக்கவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவர் படும் பாட்டைப் பார்த்த டீச்சர்தான் கூட்டிவந்திருக்கிறார்.

நானா பக்கத்தில் ஏறி, சிங்களத்தில், "செஞ்சி காட்டுங்க" என்றார். சமிந்த செய்து காட்டினார். பிறகு முன்னால் பார்த்தபடி சொன்னார்:

"நானும் சாவடியில நின்னவன்தான். ரெண்டு கையையும் காட்டுன்னு எத்தனை பேருக்குக் கத்தியிருப்பேன். இப்ப என்னைப் பார்த்துக் கத்துறானுங்க. இன்னொரு கைக்கு நான் எங்க போறது?"

டீச்சர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை இடது பக்கம், கியர் தண்டுக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

வேலை முடிந்த அடுத்த ஆஸ்பத்திரி நாளில், சோதித்துப் பார்க்க நான் சமிந்தவின் வேனில் போனேன். டீச்சரின் கார் முன்னால். அந்த வாரம் நாட்டில் எங்கோ ஏதோ நடந்து, சாவடியில் கெடுபிடி கூடியிருந்தது. புதிய முகங்கள். டீச்சரின் கண்ணாடி ஒழுங்காக இறங்கியது. கைகளும் மேலேதான் இருந்தன. ஆனால் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று படித்துவிட்டு, காரை ஓரமாக விடச் சொன்னான். டிக்கியைத் திற என்றான். ஐயாவையும் இறங்கச் சொன்னான்.

எங்கள் முறை வந்தது. சமிந்த தட்டினார், கண்ணாடி இறங்கியது. சிப்பாய் மடித்த சட்டைக் கையைப் பார்த்தான், இராணுவ அட்டையைப் பார்த்தான், நிமிர்ந்து நின்று போகச் சொன்னான். சமிந்த நூறு அடி போயிருப்பார். வேனை ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

"நேரமாகுது மகன்" என்றார் அம்மா.

"வர்றேன் அம்மா."

நானும் பின்னால் போனேன். டீச்சர் காருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஐயா கதவைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றுகொண்டிருந்தார். கால் தரையில் ஊன்றவில்லை. சமிந்த யாரோடும் சண்டை போடவில்லை. தன் அட்டையைக் காட்டி, "இவங்க எங்க ஆட்கள். ஐயாவுக்கு நிக்க முடியாது. நீங்க பார்க்கிறதைப் பாருங்க, நான் இங்க நிக்கிறேன்" என்றார். ஐயாவை ஒற்றைக் கையால் தோளில் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். அவர்கள் டிக்கியைக் கிளறி, சீட்டுக்கு அடியில் பார்த்து, பொத்தான் வயர்களைக்கூட இழுத்துப் பார்த்தார்கள். அது என்ன வயர் என்று கேட்டபோது நான் விளக்கினேன். சமிந்த அந்தக் கதவடியிலேயே நின்றார். முடிந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாகனங்களும் தாமதமாகத்தான் போயின. நர்ஸ் கடிந்துகொண்டார். இரண்டு பேரையும் கட்டிலில் ஏற்றி, மெசின்களைப் பூட்டிய பிறகு டீச்சர் வெளியே நீண்ட வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார். எட்ட நின்ற சமிந்தவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்:

"உங்களைப் போகச் சொன்னவங்கள்தானே மகன். அம்மாவுக்கு நேரம் பிந்தினால் ஆபத்தெண்டு தெரியும்தானே. ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

சமிந்த கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"தனியாப் போயிருந்தாலும் அம்மா கட்டில்ல படுத்திருக்கமாட்டாங்க டீச்சர்" என்றார். "அந்த வார்ட்டுல பக்கத்துக் கட்டில் வெறுமையா இருந்தா என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும். ஐயா எங்கேன்னு கேட்டு அழுதிருப்பாங்க."

டீச்சர் வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். சமிந்த பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் மூன்று பேருக்கும் தேநீர் வாங்கிவரப் போனேன்.